அந்தத் துணிய இங்க போடு மக்களே

எல்லாருக்கும் வணக்கம். நான் ரிட்டயர்டு நர்ஸ், 34 வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல வேலை பார்த்திருக்கேன், ஊரு கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா பக்கம். அம்மணமா இருக்கிறது தப்பா, இல்ல அது இயற்கைதானான்னு பேச வாங்கன்னு ரேடியோ நிலையத்துல இருந்து போன் வந்தப்ப என் மருமக, "அத்தே, இதையெல்லாம் ரேடியோல போய் பேசுவீங்களா"ன்னு கேட்டா. ஏன் பேசக்கூடாது? துணி இல்லாத மனுஷங்கள தினமும் பார்த்த வேலைதானே எனக்கு. பொறந்த உடனே பிள்ளைய கையில வாங்குறதும் நாங்க, செத்தவங்கள துடைச்சு, மூக்குல பஞ்சு வச்சு, கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுறதும் நாங்க. நடுவுல யூரின் டியூப் போடணும், முதுகுல படுக்கைப்புண்ணு வந்தா மருந்து கட்டணும், ஆபரேஷனுக்கு முன்னாடி முடி எடுக்கணும், எல்லாத்துக்கும் துணிய விலக்கித்தான் ஆகணும்.

படிக்கிற காலத்துல மொத வாரம் எனக்கும் கூச்சமாத்தான் இருந்துச்சு, கண்ண எங்க வைக்கிறதுன்னே தெரியாது. அப்புறம் அது போயிடும். பிரசவத் தழும்பு, சுருங்கின தோல், தேமல், ஆபரேஷன் தையல், இதெல்லாம்தான் கண்ணுல படும். ஏழை உடம்பு பணக்கார உடம்புன்னு ஒண்ணும் கிடையாது. இதுல பாவம்னு சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நான் இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுப் பார்க்கிறேன், ஒண்ணும் தெரியல.

ஆனா ஒரு பாட்டிய மட்டும் மறக்கவே முடியல. 1984 கடைசி, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பாட்டிக்கு எழுபத்தஞ்சு வயசிருக்கும், பக்கவாதம், வலது கையும் காலும் விளங்காது, பேச்சும் குழறிப் போச்சு, பாதி நேரம் நினைவே இருக்காது. சேலை நனைஞ்சிருச்சுன்னு நானும் இன்னொரு சிஸ்டரும் மாத்தப் போனோம், அவசரத்துல ஒரே இழுப்புல எல்லாத்தையும் உருவிட்டோம். பாட்டியோட இடது கை அப்படியே துழாவ ஆரம்பிச்சுது. கட்டில் கம்பிய தடவுது, மெத்தை ரெக்சின சுரண்டுது, கடைசியில என் யூனிஃபார்ம் ஓரத்தப் பிடிச்சு இழுத்து நெஞ்சு மேல போட்டுக்கப் பாக்குது. கண்ணு மூடித்தான் இருக்கு. வாய் மட்டும் கோணிக்கிட்டே சொல்லுது, "அந்தத் துணிய இங்க போடு மக்களே." கூட இருந்த சிஸ்டர், "இங்க எல்லாரும் பொம்பளைங்கதானே பாட்டி, யாரு பாக்கப் போறா"ன்னாங்க. நானும் அன்னைக்கு அதத்தான் நெனச்சேன். தப்பு.

ஏன் தப்புன்னு ரெண்டு நாள் கழிச்சு அவங்க மக பேசினப்பதான் எனக்கு உறைச்சுது. அந்தப் பாட்டி நாப்பது வயசு வரைக்கும் ரவிக்கையே போட்டதில்லயாம், வயல் வேலை, சந்தை எல்லாம் வெறும் சேலையிலதான். நம்ம ஊர்கள்ல அந்தத் தலைமுறை கிழவிங்க நிறைய பேரு அப்படித்தான், ரவிக்கைய போடச் சொன்னா மூச்சு முட்டுதுன்னு கழட்டிப் போடுவாங்க, அவங்க மானம் கெட்டுப் போச்சுன்னு யாரும் சொன்னதில்ல. அப்படி வளர்ந்த ஒருத்திக்கு மார்பு தெரியறது ஒரு விஷயமே இல்ல. அவளைக் கேக்காம இன்னொருத்தி கை அவ துணிய உருவுனதுதான் விஷயம். இது புரியறதுக்கு எனக்கு ஒரு கிழவியோட இடது கை வேண்டியிருந்துச்சு.

எங்க மாவட்டத்துக்கு இது புதுசும் இல்ல. இந்தப் பக்கம் எல்லாம் அப்ப திருவிதாங்கூர் ராஜ்யம். மார்ப மறைக்காம நிக்கிறதுதான் பெரிய சாதிக்காரங்களுக்குக் காட்டுற மரியாதைன்னு வச்சிருந்தாங்க, நாடார் பெண்கள் தோள்ல சீலை போட்டா அது திமிரு. கிறிஸ்தவங்களா மாறின பெண்கள் குப்பாயம், அதாவது ரவிக்கை மாதிரி ஒரு சட்டை, போட்டுக்கலாம்னு 1810கள்ல திருவிதாங்கூர்ல இருந்த வெள்ளைக்கார ரெசிடென்ட் கர்னல் மன்றோ உத்தரவு போட்டாரு, ஆனா பெரிய சாதிப் பெண்கள் மாதிரி மேல்சீலை மட்டும் போடக்கூடாதுன்னு 1829ல அரண்மனையில இருந்தே விளம்பரம் வந்துச்சு. மீறிப் போட்டவங்க துணிய சந்தையிலயும் ரோட்டுலயும் கிழிச்சாங்க. 1858, 59ல பெரிய கலவரமாவே வெடிச்சுது, பள்ளிக்கூடங்களக் கொளுத்தினாங்க. கடைசியில மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு 1859 ஜூலை 26ல உத்திரம் திருநாள் மகாராஜா மறைச்சுக்கலாம்னு அறிவிச்சாரு, அதுலயும் பெரிய சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு முடிச்சு போட்டுத்தான் விட்டாரு. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஒரு முழத் துணிக்கு அடி வாங்கியிருக்காங்க எங்க முன்னோருங்க. இன்னைக்கு ஒருத்தர் வந்து, "முழுசா மூடுறதுதான் நம்ம பண்பாடு, ஆதி காலத்துல இருந்தே அப்படித்தான்"னு மேடையில பேசினா எனக்கு வயிறு எரியுது. எந்தப் பண்பாடுங்க அது? மூடினதுக்காக அடிச்சதும் பண்பாடுன்னுதானே சொன்னாங்க?

அதே ஊர்லதான் இன்னொண்ணும் இருக்கு. நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போறவங்க அங்க தூண்ல இருக்கிற சமண தீர்த்தங்கரர் சிலைகளைப் பார்த்திருப்பீங்க, மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலை மேல பாறையிலயே வரிசையா செதுக்கி வச்சிருக்காங்க, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தத் தீர்த்தங்கரர் எல்லாம் துணி இல்லாத உருவம். குடும்பத்தோட, பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட போய்ப் பாக்குறோம், யாரும் கண்ணப் பொத்துறதில்ல. அம்மணம்ங்கிற வார்த்தையே அமணர்ங்கிற பேர்ல இருந்து, அதாவது சமணத் துறவிங்க பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. துறவியக் குறிச்ச வார்த்தைய நாம வசவாக்கி வச்சிருக்கோம் பாருங்க.

சட்டமும் இதத்தான் ஒரு விதத்துல பிரிச்சுப் பாக்குது. ஒரு பெண்ணோட துணிய பலவந்தமா உருவினா இப்ப இருக்கிற தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 76வது பிரிவு, மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில். குளிக்கிறப்ப ஒளிஞ்சு பார்த்தாலோ படம் எடுத்தாலோ 77வது பிரிவு. தண்டனை உருவினவனுக்கு, ஒளிஞ்சு பார்த்தவனுக்கு, அந்தப் பெண்ணுக்கு இல்ல. ஆனா நாம வீட்ல என்ன பண்றோம்? படம் வெளிய போயிடுச்சுன்னா பிள்ளையத்தான் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுறோம், "உன்னால மானம் போச்சு"ன்னு. அது யாரோ திருடின படம்ங்க. இத கேட்டுட்டு இருக்கிற அப்பா அம்மா தயவு செஞ்சு இத மட்டுமாவது மனசுல வச்சுக்கோங்க. 2023 ஜூன்ல கேரளா ஹைகோர்ட்ல ஒரு அம்மா வழக்கு வந்துச்சு, தன் பிள்ளைங்க தன்னோட மேலுடம்புல பெயிண்ட் பண்றத வீடியோ எடுத்துப் போட்டதுக்காக அவங்க மேல போக்சோ கேஸ் போட்டிருந்தாங்க. அம்மணமும் ஆபாசமும் எப்பவும் ஒண்ணு இல்லன்னு சொல்லித்தான் கோர்ட் அவங்கள விடுவிச்சுது. அந்த வீடியோவ நெட்ல போட்டது சரியான்னு கேட்டா, எனக்கு மனசு ஒப்பல, பிள்ளைங்க வளர்ந்த பிறகு என்ன நினைக்கும்னு தோணுது. ஆனா அந்த அம்மாவ ஜெயில்ல போடுற அளவுக்கு அதுல குத்தம் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.

மணிப்பூர்ல 2004 ஜூலை 15, காங்லா கோட்டை வாசல்ல 12 அம்மாமாருங்க துணிய கழட்டிப் போட்டு நின்னாங்க, அசாம் ரைபிள்ஸ் படைக்காரங்க வீட்ல இருந்து பிடிச்சுட்டுப் போன பிறகு பிணமாக் கிடந்த தங்ஜம் மனோரமாங்கிற பொண்ணோட கொலைக்கு நியாயம் கேட்டு. நம்ம அம்மா வயசு, பாட்டி வயசு. அந்த போட்டோவ பார்த்து ஆபாசம்னு சொல்ல யாருக்காவது நாக்கு வருமா?

இப்ப நான் உண்மையில சொல்ல வந்த இடத்துக்கு வரேன். 2003ல ஒரு அம்மா வந்தாங்க, அண்டி ஆபீஸ்ல முந்திரிப்பருப்பு தோல் உரிக்கிற வேலை. இடது மார்புல கட்டி, தோல் வெடிச்சு புண்ணாகி வாடை வருது. ஒரு வருஷத்துக்கு மேல யாருக்கும் சொல்லல, புருஷனுக்குக்கூட. பழந்துணிய மடிச்சு உள்ள வச்சு, மேல ரெண்டு ரவிக்கை, பவுடர் வேற. ஏம்மா இத்தனை நாள்னு கேட்டா, "ஆம்பள டாக்டர் முன்னாடி எப்படி சிஸ்டர் காட்டுறது, முதல்ல வலிக்கவும் இல்லையே"ன்னாங்க. ஆரம்பத்துல அது பெரும்பாலும் வலிக்காதும்மா, அதான் அந்த நோயோட சூதே. ஏழு மாசம்தான் இருந்தாங்க. கூச்சம்தான் அவங்கள அவ்வளவு தாமதமா எங்ககிட்ட கொண்டு வந்து சேர்த்துச்சு, ஆனா அவங்க கூச்சத்த நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை வார்டுல ஸ்க்ரீன் கிழிஞ்சு தொங்குது, எத்தனை இடத்துல கேக்காம கொள்ளாம பத்து ஸ்டூடன்ட்ஸ சுத்தி நிக்க வச்சு துணிய தூக்குறோம், நானே அந்த மாதிரி ரவுண்ட்ஸ்ல பேசாம நின்னிருக்கேன். படுக்கையில குளிப்பாட்டுறது எப்படின்னு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுப்பாங்க, ஸ்க்ரீன இழு, போர்வையப் போடு, ஒரு கைய மட்டும் வெளிய எடு, துடை, உலர்த்து, மூடு, அப்புறம் அடுத்த கை. அஞ்சு நிமிஷம்தான் கூட ஆகும். கூட்டம் ஜாஸ்தின்னா எங்க கை முதல்ல விட்டுடறது அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான்.

30 வயசுக்கு மேல உள்ள பெண்களுக்கு இப்ப ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மார்பகப் பரிசோதனை இருக்கு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இருக்கு, காசு கிடையாது. போங்க. நர்ஸ் இருக்காங்களான்னு கேளுங்க, ஸ்க்ரீன் போடச் சொல்லுங்க, கூட யாரு நிக்கணும் யாரு வெளிய போகணும்னு நீங்க சொல்லுங்க. மூஞ்சி சுளிச்சா சுளிக்கட்டும்.

நான் ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தின வருஷம் ஒரு பொண்ணு வந்தா, முப்பத்தி மூணு வயசு, கையில சின்னப் பிள்ளை. என்னைப் பார்த்து, "அடையாளம் தெரியுதா சிஸ்டர், அண்டி ஆபீஸ் அம்மாவோட மக"ன்னா. அம்மா படுத்திருந்தப்ப அவளுக்கு 19 வயசு, கட்டிலுக்குப் பக்கத்துல தரையிலயே உக்காந்து கிடப்பா. பிள்ளைய என்கிட்ட குடுத்துட்டு, உள்ள போனா, ஜன்னல் கொக்கிய அவளே மாட்டினா, கதவச் சாத்தினா, "டாக்டர வரச் சொல்லுங்க, யாரா இருந்தாலும் பரவால்ல"ன்னுட்டு சேலை முந்தானைய எடுத்து நாற்காலி மேல மடிச்சு வச்சா.