கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், டெமோ கிளாஸில் உட்கார்ந்து பாருங்கள்

(திரையில்: பேசுபவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். பின்னால் ஒரு ஒயிட்போர்டு.)

வணக்கம். ஜாவா படிக்கட்டுமா பைத்தான் படிக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: எதுவானாலும் சரி. இரண்டும் புரோகிராம் எழுதும் மொழிகள், பைத்தான் 1991லும் ஜாவா 1995லும் வெளிவந்தவை, இரண்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது, ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு மற்றது சீக்கிரம் பிடிபட்டுவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வகுப்பில் என் கை எவ்வளவு நேரம் கீபோர்டில் இருக்கும்? ஒரு மணி நேர வகுப்பில் முக்கால்வாசி நேரம் சார் பேசுகிறார், மிச்ச நேரம் நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள் என்றால், அந்தப் பேச்சு யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் ஃபீஸ்?

(திரையில்: மூன்று சான்றிதழ்களின் படம், பெயர்கள் மறைக்கப்பட்டவை.)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் வேலூர், குடியாத்தம், ஆரணி பக்கமெல்லாம் இது நிறைய நடக்கிறது. வீட்டில் "கம்ப்யூட்டர் கிளாஸ் போ" என்பார்கள், பிள்ளையும் தெரு முனையில் இருக்கிற சென்டரில் டிசிஏ என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோவில் சேர்ந்துவிடும். வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், கொஞ்சம் டேலி. கெட்ட படிப்பு இல்லை, ஆனால் சாஃப்ட்வேர் வேலைக்கு அது வழியும் இல்லை. டேலி கணக்கு எழுதும் வேலைக்கு, ஜிஎஸ்டி போடும் ஆடிட்டர் ஆபீசுக்கு நல்லது. டிஎன்பிஎஸ்சியில் டைப்பிஸ்ட் ஆக வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் சான்றாகத் தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சிஓஏ (ஆபீஸ் ஆட்டோமேஷன்) பரீட்சைதான் வேண்டும், அதைத் தனியார் டிசிஏ சான்றிதழால் ஈடுகட்ட முடியாது. இந்த மூன்றும் மூன்று வேறு பாதை. ஐடி கம்பெனி என்பது நான்காவது பாதை, நாம் பேசப்போவது அதைப் பற்றி.

அதற்குள்ளேயும் கிளைகள் உண்டு. வெப்சைட் செய்வது, டெஸ்டிங், நெட்வொர்க், கிளவுட், டேட்டா அனலிட்டிக்ஸ் என்று போகும். எது உங்களுக்கு என்று நான் சொல்ல முடியாது, ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ "ஃப்ரெஷர்" என்று போட்டு, சென்னையில் வந்திருக்கும் விளம்பரங்களில் ஒரு இருபதை உட்கார்ந்து படியுங்கள். என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். எஸ்கியூஎல் (SQL, டேட்டாபேஸ் அட்டவணைகளிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி) என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். டெவலப்பர் வேலையிலும் வரும், டெஸ்டிங்கிலும் வரும், அனலிட்டிக்ஸில் சொல்லவே வேண்டாம். இதைச் செய்துவிட்டு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனால், அவர்கள் நீட்டும் சிலபஸை நீங்கள் அளக்கலாம். செய்யாமல் போனால் அவர்கள் உங்களை அளப்பார்கள்.

சரி, இப்போது டெமோ கிளாஸ். முன் ரூமில் உட்கார்ந்து ஃபீஸ் பேசுகிற கவுன்சிலரிடம் அல்ல, பாடம் எடுக்கப்போகிற ஆளிடமே உட்கார வேண்டும். "சார் ஊருக்குப் போயிருக்காரு, நீங்க சேர்ந்துடுங்க" என்றால் வேண்டாம். உட்கார்ந்த பிறகு, அவர் எடுக்கும் பாடத்தோடு ஒரு கேள்வி கேளுங்கள். நான் ஒன்று தருகிறேன்.

(திரையில்: ஒயிட்போர்டில் ஓர் அட்டவணை. பணியாளர் எண், தேதி, வந்தாரா இல்லையா.)

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, அதன் வருகைப் பதிவு இது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி. கேள்வி: ஜூன் மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் லீவு போட்டவர்கள் யார் யார்?

எஸ்கியூஎல் இதை எப்படிச் செய்கிறது பாருங்கள். முதலில் வேர் (WHERE) கண்டிஷன்: ஜூன் மாத வரிகளை மட்டும் வை, அதிலும் "வரவில்லை" என்று இருப்பதை மட்டும் வை, மிச்சத்தைத் தள்ளு. அடுத்தது குரூப் பை (GROUP BY): மிஞ்சிய வரிகளை ஆள் வாரியாகக் குவி. கடைசியில் ஹேவிங் (HAVING): ஒவ்வொரு குவியலிலும் எத்தனை வரி என்று எண்ணி, மூன்றுக்கு மேல் இருப்பதைக் காட்டு. இப்போது சாரிடம் கேளுங்கள், "எண்ணிக்கை மூன்றுக்கு மேல் என்பதை ஏன் சார் வேரிலேயே போடக் கூடாது?" வேர் ஓடும் நேரத்தில் குவியலே போடவில்லை, அப்புறம் எதை எண்ணுவது? அதனால்தான் அங்கே போட்டால் எரர் வருகிறது. இதை ஒரு ஆசிரியர் போர்டில் அட்டவணை வரைந்து, வரிகளை அடித்து அடித்துக் காட்டினார் என்றால் அவர் சொல்லித்தரத் தெரிந்தவர். "அது சின்டாக்ஸ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். "ஜூனில் லீவே போடாதவர் பெயரும் வர வேண்டும், பக்கத்தில் பூஜ்யம் என்று." மேலே எழுதியதில் அவர்கள் வரவே மாட்டார்கள், ஏனென்றால் வேர் கண்டிஷன் அவர்களுடைய வரிகளை முதலிலேயே தள்ளிவிட்டது. பணியாளர் பட்டியல் என்று தனியாக ஒன்று இருந்தால் அங்கிருந்து தொடங்கி வருகைப் பதிவோடு லெஃப்ட் ஜாயின் (பட்டியலில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொண்டு இரண்டு அட்டவணையையும் இணைப்பது) போட வேண்டும், தேதி, "வரவில்லை" என்ற இரண்டு கண்டிஷனையும் வேரில் வைக்காமல் ஜாயினுக்குள்ளேயே வைக்க வேண்டும், மூன்றுக்கு மேல் என்ற ஹேவிங்கையும் எடுத்துவிட வேண்டும். இன்டர்வியூவில் இந்த மாதிரிதான் ஒரு கேள்வியை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார்கள். ஆறு மாதக் கோர்ஸ் முடித்தவர் இதில் தடுமாறுகிறார் என்றால் அந்த ஆறு மாதம் அவர் கை எங்கே இருந்தது என்று புரிந்துவிடும்.

ஏஐ எல்லாவற்றையும் எழுதித் தருகிறதே என்பீர்கள். தருகிறது. அது எழுதியதில் பூஜ்யம் லீவுக்காரர்கள் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆளுக்குத்தான் சம்பளம்.

(திரையில்: பளபளக்கும் ஒரு நோட்டீஸ், அதில் வட்டமிட்ட வார்த்தைகள்.)

நோட்டீஸில் "ஐஎஸ்ஓ சான்று பெற்றது", "எம்எஸ்எம்இ பதிவு பெற்றது" என்று போட்டிருப்பார்கள், அப்பா அம்மா இதைப் பார்த்துக் கவர்ன்மென்ட் அங்கீகாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலைகளை முறையாக நடத்துகிறதா என்பது பற்றிய சான்று, பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எம்எஸ்எம்இ பதிவான உத்யம், தொழில் நடத்தும் யாரும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்வது, இட்லிக் கடைக்கும் கிடைக்கும். நெட்வொர்க்குக்கு சிஸ்கோ நடத்தும் சிசிஎன்ஏ, கிளவுடுக்கு அமேசானின் ஏடபிள்யூஎஸ் பரீட்சைகள் வேறு வகை. அந்தத் தொழில்நுட்பத்தைத் தயாரித்த கம்பெனியே பரீட்சை வைத்துச் சான்று தருகிறது, அதன் ஃபீஸும் தனி. இன்ஸ்டிட்யூட் "சிசிஎன்ஏ கோர்ஸ்" என்றால் பயிற்சி மட்டுமா, பரீட்சைக் கட்டணமும் சேர்த்தா என்று கேளுங்கள். கேட்கும்போதே 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், கடைசி நாளில் சேர்ப்பார்கள்.

அப்புறம் அந்த "நூறு சதவீத பிளேஸ்மென்ட்". அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இன்டர்வியூவுக்கு அனுப்புவதா, வேலை வாங்கித் தருவதா? போன பேட்ச்சில் முடித்த இரண்டு பேரின் நம்பர் கேளுங்கள், சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்கள் வேண்டாம், போனில் பேசுகிற ஆட்கள் வேண்டும்.

"வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்", "மாதம் மூவாயிரம்தான்" என்றால் பேப்பரை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். பல நேரம் அது தவணை கிடையாது, உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி தரும் கடன். முழுப் பணமும் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடும். பாடம் பிடிக்கவில்லை என்று இரண்டாம் மாதம் நீங்கள் நின்றாலும் இஎம்ஐ நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் போகும், நாளைக்கு வண்டி லோனில் வந்து இடிக்கும். "சீட் ரெண்டுதான் இருக்கு தம்பி, இன்னைக்கே கட்டினா ஆஃபர்" என்பது ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி பேச்சு, கம்ப்யூட்டர் கோர்ஸில் சீட் தீராது.

இதைவிட மோசமானது இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம் என்பது. தயவுசெய்து வேண்டாம். கம்பெனிகள் வேலைக்கு எடுத்ததும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்கின்றன. பிஎஃப் கணக்குக்கு 2014லிருந்து யூஏஎன் என்று ஒரே எண் இருக்கிறது. எந்தக் கம்பெனி எந்த மாதத்தில் பணம் போட்டது என்பது அந்த எண்ணுக்குள் வரிசையாக இருக்கும். நீங்கள் வேலை பார்த்ததாகச் சொன்ன இரண்டு வருடத்துக்கு அங்கே ஒன்றுமில்லை என்றால் கதை முடிந்தது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட அனுப்பிவிடுவார்கள், மறுபடி அந்தக் கம்பெனி வாசலில் காலே வைக்க முடியாது. வாங்கித் தந்தவர் போனை எடுக்க மாட்டார்.

(திரையில்: பேசுபவர் லேப்டாப்பைத் திறக்கிறார்.)

பணம் கட்டுவதற்கு முன் பணமே இல்லாமல் கொஞ்ச நாள் படித்துப் பாருங்கள் என்பது என் கட்சி. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல்லில் பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால்தான் பரீட்சைக் கட்டணம். இங்கிலீஷ் தயக்கமாக இருக்கிறதா, ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. காலேஜில் இருப்பவர்களுக்கு 2022ல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை அட்டெண்டன்ஸுக்காக முடித்துத் தள்ளுகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எரர் வந்தால் எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். எரிச்சல் மட்டுமே வந்தால் கோர்ஸ் ஃபீஸ் நாற்பதாயிரம் மிச்சம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு சொல். ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி தன் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ பிள்ளைகளை எடுத்து ஃபீஸ் வாங்காமல், உதவித்தொகை கொடுத்தே பயிற்சி தருகிறது. தேர்வு கடினம், எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. சென்னை ஐஐடி 2020ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை வேலூர் முத்துரங்கம் காலேஜில் பிஎஸ்சி படித்துக்கொண்டே கூடச் சேர்த்துப் படிக்கலாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு, நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். இன்ஜினியரிங் முடித்து முழு நேரமாக உட்காரத் தயார் என்றால் மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் ஆறு மாத டிப்ளமோ, அதற்கு சி-கேட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்தக் கோர்ஸாலும் சரிசெய்ய முடியாது: அரியர். பெரிய கம்பெனிகள் ஃப்ரெஷர் எடுக்கும்போது பெரும்பாலும் அறுபது சதவீதமும், நிலுவையில் அரியர் இல்லாமலும் கேட்கின்றன. மூன்று அரியரை வைத்துக்கொண்டு ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்) கோர்ஸில் சேர்ந்தவர் முதலில் அந்த மூன்றையும் எழுதட்டும்.

கடைசியாக, வேலூரா சென்னையா. வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் நல்ல ஆசிரியர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் கோர்ஸ் ஃபீஸைத் தாண்டிவிடும். காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர், சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போய்விட்டால் பிராக்டிஸ் எப்போது? அதனால் அடிப்படையை இங்கேயே, வீட்டுச் சாப்பாட்டில் முடியுங்கள். ஒரு மொழி, எஸ்கியூஎல், கிட் (Git, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), சொந்தமாகச் செய்த ஒரு ப்ராஜெக்ட். இன்டர்வியூ வரத் தொடங்கும்போது இரண்டு மாதம் சென்னையில் ரூம் எடுங்கள். ப்ராஜெக்ட்டுக்கு யோசனை வேண்டும் என்றால் லாங்கு பஜாரில் சித்தப்பா கடையோ மாமா கடையோ இருந்தால் அங்கே போய் உட்காருங்கள், ஸ்டாக் நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்தச் சரக்கு எப்போது தீர்கிறது என்று அவருக்குச் சொல்லும் ஒரு சின்ன புரோகிராமை அவரே தினமும் பயன்படுத்துகிறார் என்றால், இன்டர்வியூவில் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசலாம்.