தண்ணீருக்குள் கண் ஏன் மங்குகிறது?

ஆசிரியர்களே, மாணவர்களே, வணக்கம்.

மேசையில் இரண்டு குவளைகள் இருக்கின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றதில் கிளிசரின். கையில் இருப்பது ஆய்வகத்தில் கலக்கப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடிக் கோல். தண்ணீரில் விட்டால் ஒடிந்தாற்போல் தெரிகிறது. இது எல்லோரும் பார்த்ததுதான். இப்போது கிளிசரினில் விடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் நன்றாகப் பாருங்கள்! மேல்பாதி என் விரல்களுக்கிடையில் இருக்கிறது, மூழ்கிய பாதியைக் காணோம்.

ஒளி வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. தண்ணீருக்குள் அது ஏறக்குறைய 2.25 லட்சமாகக் குறைகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் 1.33-தான் தண்ணீரின் ஒளிவிலகல் எண். கிளிசரினுக்கும் இந்தக் கண்ணாடிக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றே, 1.47. வேகம் மாறாதபோது ஒளி திரும்பவும் தேவையில்லை, எல்லையில் பட்டுத் தெறிக்கவும் தேவையில்லை. அப்படியானால் இத்தனை நாளும் கண்ணாடி என்று எதைப் பார்த்தோம்? காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் எல்லையைத்தான்.

ஒளி எவ்வளவு திரும்பும் என்ற விதியை டச்சு அறிஞர் ஸ்நெல் 1621-லேயே கண்டுவிட்டார். ஆனால் தண்ணீருக்குள் ஒளி வேகமாகப் போகும் என்றே நியூட்டன் நினைத்தார். 1850-ல் பாரிசில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சுழலும் ஆடியை வைத்துச் சோதித்து, மெதுவாகத்தான் போகிறது என்று காட்டினார். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சோதனை திருத்தும். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, கண்ணுக்கு வருவோம். கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கல். ஏன்? ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் அல்ல, கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான படலமான கார்னியா. அதன் ஒளிவிலகல் எண் 1.376. காற்றோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம், தண்ணீரோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் கார்னியா வேலை செய்யாமலே போய்விடுகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் காற்று நிற்கும், பார்வை திரும்பிவிடும். மீனுக்குக் கார்னியாவால் பயனில்லை என்பதால்தான் அதன் லென்ஸ் உருண்டையாக இருக்கிறது.

தாய்லாந்துக் கடலோரத்தில் வாழும் மோக்கன் என்ற கடலோடி இனத்துக் குழந்தைகள் மட்டும் வெறுங்கண்ணோடு கடலடியில் சிப்பி பொறுக்குகிறார்கள். சுவீடன் ஆய்வாளர் அன்னா யிஸ்லேன் 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தண்ணீருக்குள் அவர்களுடைய பார்வைக் கூர்மை ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு. கண்பாவையை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கி, லென்ஸையும் முடிந்தமட்டும் குவிக்கிறார்கள். அப்புறம் ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார், அவர்களுக்கும் வந்துவிட்டது.