120 பல் ராட்செட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

(திரையில்: மேசை மேல் இரண்டு ராட்செட் கைப்பிடிகள். முதலில் ஒன்றைச் சுற்றும் சத்தம், பிறகு மற்றொன்று.)

கடக்... கடக்... கடக்... இதை எண்ணிவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள். விர்ர்ர்! எண்ணவே முடியாது. இரண்டும் ராட்செட்தான்: நட்டில் மாட்டும் சாக்கெட் என்ற குழாய்த் துண்டைப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் திருகும் கைப்பிடி, திரும்பி வரும்போது கடக் என்று சும்மா வரும். முதலாவதன் உள்ளே 24 பல், இரண்டாவதில் 120. கடைக்குப் போனால் விலைக்கு முன்னால் பல் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அப்படியென்றால் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பழைய ராட்செட்டை எடைக்குப் போட்டுவிடலாமா? இந்த வீடியோ முடியும்வரை போடாதீர்கள். வணக்கம் நண்பர்களே!

வரலாறு இரண்டே வரியில். 1863-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் ராட்செட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1920-ல் மில்வாக்கியில் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம், 5 கைப்பிடியும் 10 சாக்கெட்டும் இருந்தால் 50 ஸ்பேனர் வேலையைப் பார்க்கலாம் என்று சொல்லியே விற்றது. வரலாறு முடிந்தது!

(திரையில்: மூடி கழற்றிய ராட்செட் தலை.)

சரி, பல் விஷயத்துக்கு வருவோம். உள்ளே ஒரு பல் சக்கரம், அதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன இரும்பு நாக்கு, அதைத் தள்ளும் ஸ்பிரிங். அவ்வளவுதான். 360-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்தால், அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை எத்தனை டிகிரி அசைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 24 பல்லுக்கு 15 டிகிரி. 72 பல்லுக்கு 5. 120 பல்லுக்கு 3.

டிகிரியில் சொன்னால் மனதில் நிற்காது. 18 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் அளந்தால், 24 பல் ராட்செட்டுக்குக் கிட்டத்தட்ட 47 மில்லிமீட்டர் இடம் வேண்டும். 72 பல்லுக்கு 16 போதும். 120 பல்லுக்கு 10 மில்லிமீட்டர்கூட வேண்டாம். காரில் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கையே நுழையாத இடத்தில் ஒரு போல்ட் இருக்கும் பாருங்கள், அங்கே பழைய ராட்செட் தோற்றுப்போகும். வாதாடவே மாட்டேன். ஆனால் கட்டில் போல்டுக்கும் தண்ணீர் மோட்டாரின் அடிப்போல்டுக்கும் சுற்றிலும் காலி இடம்தானே? அங்கே 3 டிகிரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

"பல் சின்னதானால் உடைந்துவிடாதா" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. புது ராட்செட்டுகளில் நாக்கிலேயே பல பற்கள் வரிசையாக இருக்கும், அத்தனையும் ஒரே நேரத்தில் சக்கரத்தைக் கவ்வும். கியர்ரெஞ்ச் என்ற பிராண்டின் 120 மாடலில் ஒரு தந்திரம் உண்டு. அதன் சக்கரத்தில் உண்மையில் 60 பல்தான். இரண்டு நாக்குகள் அரைப் பல் தள்ளி உட்கார்ந்து, மாறி மாறிப் பிடிக்கின்றன. அறுபதை வைத்தே நூற்றிருபது காட்டியவருக்கு ஒரு சல்யூட்! ஒரு குறை மட்டும்: பல் ஆழம் குறைந்தால் நடுவே மாட்டும் மண் துகளுக்கு மரியாதை கூடும். பழைய பெரிய பல் கொஞ்சம் அழுக்கை மன்னித்துவிடும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. இது கொஞ்சம் நீளும், தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

(திரையில்: ராட்செட் தலையின் முதுகில் இருக்கும் பொத்தானை அழுத்த, சாக்கெட் கீழே விழுகிறது.)

இந்தப் பொத்தான். பழைய ராட்செட் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கையெல்லாம் கிரீஸ், சாக்கெட் சதுர முனையில் இறுகிக்கிடக்கும், இழுத்தால் வழுக்கும். அந்தத் தொல்லையைத் தீர்த்தது பெரிய இன்ஜினியர் கூட்டம் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கார்ட்னர் ஊரில், சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்த 18 வயதுப் பையன், பீட்டர் ராபர்ட்ஸ். தன் சொந்த நேரத்தில் செய்து, 1964-ல் நிறுவனத்திடமே காட்டினான். 1965-ல் காப்புரிமை கிடைத்தது.

ஒப்பந்தத்தைக் கேளுங்கள். ஒரு ராட்செட்டுக்கு 2 செண்ட், அதிகபட்சம் 10,000 டாலர், அதோடு சரி. 2 செண்ட் கணக்கில் 10,000 டாலர் சேர 5 லட்சம் ராட்செட் விற்க வேண்டும். இதற்குப் பெரிய மதிப்பில்லை என்றுதான் பையனிடம் பேசியிருந்தார்கள். அந்த 5 லட்சம் ஒரு வருடத்துக்குள்ளேயே விற்றுப்போனது. பிறகு வழக்கில் வெளிவந்த கணக்குப்படி சியர்ஸ் விற்றது 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல், லாபம் 4 கோடி டாலருக்கும் மேல்.

ராபர்ட்ஸ் 1969-ல் வழக்குப் போட்டார். 1977-ல் ஜூரி அவர் பக்கம் நின்று 10 லட்சம் டாலர் தரச் சொன்னது. அதன் பிறகும் இழுபறி. 1989-ல்தான் 82 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பதினெட்டு வயதில் செய்த வேலைக்கு நாற்பதுகளில் கூலி! என்னைக் கேட்டால், ராட்செட் வரலாற்றில் பல் எண்ணிக்கையைவிடப் பெரிய முன்னேற்றம் இந்தப் பொத்தான்தான். வேறு கருத்து இருந்தால் கீழே சண்டைக்கு வாருங்கள், அப்படியே சப்ஸ்கிரைபும் செய்துவிட்டுப் போங்கள்.

பல் மாறியது, பொத்தான் வந்தது, மாறாதது எது? சாக்கெட் மாட்டும் அந்தச் சதுரம். கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச், முக்கால் இஞ்ச். நட்டு எல்லாம் மில்லிமீட்டருக்கு மாறிய பிறகும் சதுரம் மட்டும் இஞ்சிலேயே நிற்கிறது. ஐரோப்பியப் பட்டியலில் 12.5 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாலும் அது அரை இஞ்ச்தான். அதனால் 1950-களின் அரை இஞ்ச் கைப்பிடியில் நேற்று வாங்கிய சாக்கெட்டை மாட்டலாம். 10 நம்பர் சாக்கெட் மட்டும் எந்தக் காலத்திலும் பெட்டியில் இருக்காது, அது வேறு பிரச்சினை.

உலகப் போருக்கு முந்தைய சரக்கில் மட்டும் ஜாக்கிரதை. 9/32 இஞ்ச் போன்ற வினோத அளவுகள் அதில் உண்டு, இன்றைய சாக்கெட் உட்காராது. பழையது வாங்கப் போனால் கையில் ஒரு சாக்கெட் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

அப்புறம் சோதனை. மேசையில் பொருத்தும் பிடிகருவியான வைஸில் ஒரு போல்டை இறுக்கிப் பிடித்து, ராட்செட்டை மாட்டி, மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டுங்கள். கொஞ்சம் திருப்பி, அடுத்த பல்லிலும் அதே சோதனை. ஒரு இடத்தில் வழுக்கினாலும் வேண்டாம், பலமாக இழுக்கும்போது விரல் முட்டி உடையும். மேலே குரோம் உரிந்து செதிலாக நின்றாலும் வேண்டாம், பிளேடு மாதிரி கிழிக்கும். வெறும் இறுக்கம்தான் பிரச்சினை என்றால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் காய்ந்த கிரீஸ்தான். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, லேசாக எண்ணெய் விட்டால் ஓடும். கெட்டி கிரீஸைத் திணித்தால் நாக்கு பல்லில் சரியாக உட்காராது. கழற்றும்போது ஒரு துணிக்குள் வைத்துக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் சின்ன இரும்புக் குண்டும் காத்திருக்கும், பறந்தால் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டியதுதான்.

இறுகிய நட்டுக்கு ராட்செட்டில் பைப் மாட்டி ஏறி நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழையதோ புதியதோ, அந்த வேலை அதற்கு இல்லை. பல் சக்கரமே இல்லாத நீளக் கைப்பிடியால் முதலில் நட்டை அசையவிட்டு, பிறகு ராட்செட்டை எடுங்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பதிலேயே பழைய ராட்செட் எது, எத்தனை பல்? ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை கடக் என்று எண்ணி, கமெண்டில் எழுதுங்கள்.