துணிக்கு ஒரு தண்ணீர், ஆளுக்கு ஒரு தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்சாலைத் தண்ணீர் என்றாலே வெளியே போகிற கழிவுநீரைப் பற்றித்தான் பேச்சு வரும். ஆலைக்குள்ளே ஓடுகிற தண்ணீரைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். தண்ணீர் சுத்திகரிப்பு என் தொழில். திருப்பூர் சாய ஆலைகளை வைத்துச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும்.

சாயத்துக்குத் தண்ணீர் சுத்தமாக இருந்தாக வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் கூடினால் சாயம் சீராக ஏறாது, ஒரே ரோலில் இங்கொரு நிறம், அங்கொரு நிறம் என்று வரும். இரும்பு இருந்தால் பிளீச்சிங்கில் துணி பழுப்படிக்கும், சில சமயம் ஓட்டையே விழும். அதே உப்புநீர் பாய்லருக்குப் போனால் குழாய்க்குள் படிவு கட்டும், விறகுச் செலவு ஏறும். இதற்காகத்தான் கால்சியம், மெக்னீசியத்தை எடுக்கிற சாஃப்ட்னர், சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. எல்லாம்.

திருப்பூர் இதை இன்னும் ஒரு படி தாண்டிச் செய்கிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவை வெளியே விடாத நிலைக்கு வரும்வரை சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வு வழியே தள்ளி, மிஞ்சுகிற உப்புக்கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய சாதனை இது. இதைச் செய்து காட்டியவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அந்தத் தண்ணீரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் தெரியுமா? ஷிப்டுக்கு ஷிப்டு டி.டி.எஸ். என்கிற கரைந்த உப்பின் அளவு, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை, அமிலமா காரமா என்று காட்டுகிற பி.எச். எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஒரு அளவு மாறினால் போன் பறக்கும். சரி, அதே ஆலையில் ஆட்கள் குடிக்கிற குழாய்க்கு அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா? நான் பார்த்த பல இடங்களில் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

குடிதண்ணீர்க் குழாய் தூரத்தில் இருந்தால் ஆட்கள் பக்கத்தில் இருக்கிற குழாயில் பாட்டிலைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் குழாயில் வருவது சாஃப்ட்னர் தண்ணீராக இருக்கலாம். சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீரை முழுக்க மென்மையாக்கினால், லிட்டருக்கு ஏறக்குறைய 275 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேரும். ரத்த அழுத்தம் உள்ளவர் இதை நாள் முழுக்கக் குடிக்கக் கூடாது. கழிவிலிருந்து மீட்ட தண்ணீராக இருந்தாலோ, அது துணிக்கு மட்டும்தான்.

நல்ல ஆர்.ஓ. தண்ணீருக்கும் ஒரு ஆபத்து உண்டு. குளோரின் பட்டால் சவ்வு கெட்டுவிடும் என்பதால் சவ்வுக்கு முன்னாலேயே மருந்து விட்டுக் குளோரினை எடுத்துவிடுவார்கள். அதனால் சவ்வைத் தாண்டி வருகிற தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வெயில் படுகிற மேல்தொட்டியில் ரெண்டு நாள் நின்றால் கிருமி வளரும். நம் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, குளோரின் போட்ட தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு சின்ன சோதனைப் பெட்டியில் சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரெண்டு நிமிட வேலை. பம்ப் ரூமில் பார்த்தால் போதாது, ஆட்கள் டம்ளர் பிடிக்கிற கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும்.

அப்புறம், வெப்பம். துணியை விரித்துச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டெண்டர், பாய்லர், அயர்னிங் மேஜை பக்கம் நிற்கிறவர்களுக்கு மே மாதம் வெளியே அடிக்கிற வெயிலோடு உள்ளே வருகிற சூடும் சேர்கிறது. தமிழ்நாடு அரசே 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெக்கையில் வேலை செய்கிறவர் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அறிவுரை. ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தப்பு. மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரலாம். வேர்வையில் உப்பும் போகிறதே, அதற்கு நம் ஊர் உப்பு மோர் நல்ல மருந்து.

தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். தையல் லைனில் உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் தைத்த பீஸ் கணக்கு குறையும், சூப்பர்வைசர் முகம் மாறும், போனாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. அதனால் காலையிலிருந்து ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பேட்ச் துணி கெட்டால் நஷ்டம் அன்றைக்கே கணக்கில் ஏறும். இந்தப் பெண்ணின் நஷ்டம் ஆலைக் கணக்கில் ஏறவே ஏறாது. நீர்க்கடுப்பாகவும் சிறுநீரகக் கல்லாகவும் அவர் வீட்டுச் செலவில் போய் ஏறும். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவில் இதையெல்லாம் யோசித்தே எழுதினார்கள். பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில் ‘குடிநீர்’ என்று குடிதண்ணீர் இருக்கிற இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்த இடம் கழிப்பிடத்திலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும் என்றது. இன்று திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் மொழியிலும் அந்தப் பலகை வேண்டும்.

ஆலை நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். சாயத் தண்ணீருக்கு வைத்திருக்கிற அதே பதிவேட்டில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள். கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு, தொட்டி கழுவிய தேதி என்ன, இன்று எத்தனை லிட்டர் குடிநீர் செலவாயிற்று. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். முந்நூறு பேர் இருக்கிற ஷிப்டில் நூறு லிட்டர்தான் போயிருக்கிறது என்றால், தண்ணீர் மிச்சமாயிற்று என்று விட்டுவிடாமல், பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாளை முதலில் போய்ப் பாருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.