ஒளித்துவைத்தால் ஆயிற்றா, சோறு யார் போடுவது?

நண்பர்களுக்கு வணக்கம். நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றியவர்களைப் பற்றிய படங்கள் என்று இன்றைய தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் மனதில் கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்புக் கோட்டுக் குழந்தை வந்து போயிருக்கும். வரட்டும். அங்கிருந்தே தொடங்குவோம். 1993இல் ஸ்பீல்பெர்க்கின் ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் வந்த பிறகு இந்த விஷயத்தில் யார் படம் எடுத்தாலும் அவர் போட்ட பாதையில் நடக்கிறார்கள், இல்லையென்றால் அதை விட்டு விலகி நடப்பதாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பாற்றுவதைச் சினிமா ஒரு நொடியில் நடந்து முடிகிற காரியமாகக் காட்டுகிறது. ஒருவன் கொடுமையைப் பார்க்கிறான், மனம் மாறுகிறது, முடிவெடுக்கிறான், பின்னணியில் வயலின் அழுகிறது. உண்மையில் அது மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில் இழுத்த வேலை. பத்துப் பேரை ஒளித்துவைத்தால் பத்துப் பேருக்கும் தினமும் சாப்பாடு வேண்டும், ரேஷன் காலத்தில் அதை வாங்கப் போகும்போது கடைக்காரர் 'உங்கள் வீட்டில் மூன்று பேர்தானே' என்று கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மலச்சட்டியை இருட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், குழந்தைக்கு இருமல் வந்தால் அதை அடக்க வேண்டும், யாராவது செத்துப்போனால் அக்கம்பக்கம் தெரியாமல் புதைக்க வேண்டும். இதையெல்லாம் செய்தவர்களில் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், குமாஸ்தாக்கள் இருந்தார்கள், கூலிக்காரர்கள் இருந்தார்கள். கேமரா அவர்கள் பக்கம் திரும்புவது அபூர்வம்.

ஷிண்ட்லர்ஸ் லிஸ்டில், காப்பாற்ற வேண்டியவர்களின் பட்டியல் தயாராகும் அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு, தன் தொழிற்சாலையின் யூதத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய ஜெர்மானிய முதலாளி ஷிண்ட்லராக வரும் லியாம் நீசன் நடந்துகொண்டே பெயர்களைச் சொல்கிறார், கணக்கர் ஸ்டெர்ன் தட்டச்சு செய்கிறார். பிரமாதமான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் டேவிட் குரோ என்ற வரலாற்றாசிரியர் 2004இல் எழுதிய ஷிண்ட்லரின் வாழ்க்கை வரலாறு சொல்வது வேறு கதை. 1944 இலையுதிர்காலத்தில் பெயர்கள் முடிவான நாட்களில் ஷிண்ட்லர் அந்த அறையிலேயே இல்லை. யூதர்களை அடைத்துவைத்திருந்த நாஜி முகாமின் தளபதி ஆமோன் கோத்தின் ஊழல் விவகாரத்தில் அவரையும் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். பட்டியல் பெருமளவு மார்செல் கோல்ட்பெர்க் என்ற முகாம் எழுத்தரின் கையில் இருந்தது, அவரும் கைதிதான், பெயர் சேர்க்க லஞ்சம் வாங்கினார். லஞ்சம் கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இதனால் ஷிண்ட்லர் சின்ன மனிதர் ஆகிவிடவில்லை. தொழிற்சாலையையே பிரித்தெடுத்துச் செக் நாட்டுப் பக்கம் ப்ருன்லிட்ஸுக்குக் கொண்டுபோகலாம், தொழிலாளர்களையும் கூடவே கொண்டுபோகலாம் என்று அதிகாரிகளை வளைத்ததும், அதற்காகக் காசை வாரி இறைத்ததும் அவர்தான். 1,000க்கும் மேற்பட்டவர்கள் அதனால்தான் பிழைத்தார்கள். ஆனால் உண்மை நடந்த விதம் அழுக்கானது, பல கை பட்டது. படம் அதைத் துடைத்து ஒரே மனிதரின் ஓர் இரவாக ஆக்கிவிட்டது.

படத்தில் பென் கிங்ஸ்லி நடித்த அந்த ஸ்டெர்னே ஒருவர் இல்லை, மூன்று பேர். உண்மையான இட்ஸாக் ஸ்டெர்ன் ஒருவர். கிராகோவ் தொழிற்சாலையைக் கையில் வைத்து நடத்திய ஆபிரகாம் பாங்கியர் ஒருவர். கோத்திடமே சுருக்கெழுத்தராக வேலை பார்த்த மியெதெக் பெம்பர் ஒருவர். போருக்கு உதவும் பொருள் செய்யாத முகாம்களை மூடப்போகிறார்கள் என்று கோத்தின் மேசையில் கிடந்த கடிதங்களிலிருந்து மோப்பம் பிடித்து ஷிண்ட்லரிடம் சொன்னவர் பெம்பர். அந்தத் தகவல் இல்லாவிட்டால் பட்டியலே இல்லை. கொலைகாரனின் அறையில் உட்கார்ந்து அவன் சொல்வதை எழுதிக்கொண்டே இதைச் செய்த இளைஞனுக்குத் தனிப்படமே எடுக்கலாம்.

அடுத்து எமிலி, ஷிண்ட்லரின் மனைவி. படத்தில் அவர் வருகிறார், கணவன் வீட்டில் வேறொரு பெண் இருப்பதைப் பார்க்கிறார், போகிறார், கடைசியில் மறுபடி வருகிறார். அவ்வளவுதான். உண்மையில் 1945 ஜனவரியில், ஆஷ்விட்ஸ் கொலை முகாமின் கிளையான கோலெஷோவிலிருந்து சுமார் 100 பேரைச் சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து அனுப்பியிருந்தார்கள், நாள்கணக்கில் சோறு தண்ணீர் இல்லை, யாரும் அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை, கதவுகள் பனியில் உறைந்து திறக்க முடியவில்லை. ப்ருன்லிட்ஸில் உடைத்துத் திறந்தபோது சிலர் ஏற்கெனவே செத்திருந்தார்கள், மற்றவர்கள் எலும்பும் தோலும். அவர்களைத் தேற்றியவர் எமிலி. பட்டினி கிடந்த உடம்பில் கனமான சாப்பாடு போனால் அதுவே கொன்றுவிடும் என்பதால் கஞ்சி மாதிரி காய்ச்சிக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். முகாமில் இருந்தவர்களின் சாப்பாட்டுக்காகப் பக்கத்து மாவு ஆலைக்காரப் பெண்மணியிடம் போய் நின்று தானியம் கேட்டு வாங்கினார். நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நிறுவனமான யாத் வாஷெம் அவரையும் கணவரோடு சேர்த்துக் கௌரவித்தது 1993இல், படம் வெளிவந்த அதே ஆண்டு. மூன்றே கால் மணி நேரப் படத்தில் அந்தக் கஞ்சிக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

கிடைக்காத இடம் எதற்குப் போனது என்றால், கடைசியில் ஷிண்ட்லர் அழுவதற்கு. இந்தக் காரை விற்றிருந்தால் இன்னும் பத்துப் பேர், இந்தச் சின்னத்தை விற்றிருந்தால் இன்னும் இரண்டு பேர் என்று உடைந்து அழுகிறாரே, அதைப் பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கும், அப்புறம் எரிச்சல் வரும். குடும்பத்தையே இழந்தவர்கள் சுற்றி நின்று காப்பாற்றியவரைத் தேற்றுகிறார்கள். இப்போது யாருடைய துக்கத்தைப் பார்க்கிறோம்? தானே ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவரான ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கெர்தேஸ் இந்தப் படத்தை மலிவான அலங்காரம் என்று ஒதுக்கினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கிராகோவ் கெட்டோவை, அதாவது யூதர்களை அடைத்துவைத்திருந்த நகரப் பகுதியை, காலி செய்யும் காட்சிகளை எடுத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, வேறு விதமாக எடுக்க முடியுமா? முடியும். அக்னியெஷ்கா ஹோலண்ட் 2011இல் எடுத்த இன் டார்க்னெஸ் இருக்கிறது. இன்று உக்ரைனில் லிவிவ் என்று இருக்கும் ஊர், அன்று போலந்தின் லுவோவ். லியோபோல்ட் சோஹா என்று ஒரு சாக்கடைத் தொழிலாளி, முன்னாள் திருடன். 1943இல் கெட்டோவை அழிக்கும்போது ஒரு கூட்டம் யூதர்கள் வீட்டுத் தரையைக் குடைந்து பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறார்கள். சோஹாவுக்கு அந்தக் குழாய்கள் அத்தனையும் மனப்பாடம். காட்டிக்கொடுத்தாலும் காசு, ஒளித்துவைத்தாலும் காசு. அவர் ஒளித்துவைக்கிறார், தினக்கூலி பேசிக்கொண்டு. எல்லாரையும் முடியாது, இத்தனை பேர்தான் என்று ஆள் எண்ணிக்கையிலும் பேரம். இங்கே வயலின் கிடையாது.

காசு வாங்கினாரே, அவரை எப்படி நல்லவர் என்பது என்று ஒரு கேள்வி வரும். ஜெர்மானியர்கள் ஆண்ட போலந்தில் 1941 அக்டோபரிலிருந்து யூதருக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை, வாய்ப்பேச்சுக்கு இல்லை, நிறைவேற்றினார்கள். மார்கோவா என்ற கிராமத்தில் 1944 மார்ச்சில் உல்மா என்ற குடும்பத்தை, கர்ப்பிணித் தாய், சிறு குழந்தைகள் ஆறு பேர் உட்பட, அவர்கள் ஒளித்துவைத்த எட்டு யூதர்களோடு சேர்த்துச் சுட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் கள்ளச் சந்தை விலையில் ரொட்டி வாங்கிச் சாக்கடைக்குள் தவழ்ந்து கொண்டுபோகும் ஒரு கூலித் தொழிலாளி காசு கேட்டதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. கதை திரும்புவது காசு தீர்ந்த பிறகுதான். படத்தில் ஓர் இடம், சோஹா தன் சொந்தப் பணத்தை ஒளிந்திருப்பவர் கையில் கொடுத்து, கூட்டாளி பார்க்கும்போது இதை எனக்குச் சம்பளமாகத் திருப்பிக் கொடு என்கிறார். இலவசமாகச் செய்கிறோம் என்று தெரிந்தால் கூட்டாளி இளிச்சவாயன் என்று நினைப்பானாம். நல்லது செய்வதற்கு வெட்கப்படுகிற மனிதன்! முந்தைய படத்தின் அத்தனை கண்ணீரையும் இந்த ஒரு காட்சிக்கு நான் கொடுத்துவிடுவேன்.

14 மாதம் அந்த நாற்றத்தில். எலி, மழை வந்தால் வெள்ளம், ஒரு பிரசவம், அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஒளிந்திருப்பவர்களையும் ஹோலண்ட் புனிதர்களாக்கவில்லை. சண்டை போடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், காதலிக்கிறார்கள், ஒருவர் மற்றவரை விட்டு ஓடுகிறார். சும்மா கும்பிட்டுக்கொண்டு நிற்கும் கூட்டமாக யூதர்களைக் காட்டும் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 1944 ஜூலையில் சோவியத் படை வந்ததும் 10 பேர் மேலே வருகிறார்கள், அப்போது சோஹா 'என் யூதர்கள்' என்று தெருவில் நிற்பவர்களிடம் காட்டிக் காட்டிச் சொல்கிறார். அந்த 'என்'னில் பாசமும் இருக்கிறது, பழைய திருடனின் உடைமை உணர்வும் இருக்கிறது. 1946இல் மகள் மீது மோதவந்த ராணுவ லாரியிலிருந்து அவளைக் காப்பாற்றப் போய் சோஹா செத்தார். யூதருக்கு உதவியதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சாவு வீட்டிலேயே பேசினார்களாம். படம் முடியும்போது எழுத்தில் போடுகிறார்கள்.

தோற்ற கதைகளையும் சினிமா நன்றாகச் சொல்லியிருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. 1965இல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்து ஆஸ்கர் வாங்கிய த ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட். ஸ்லோவாகியாவின் ஒரு சின்ன ஊர், 1942. டோனோ என்ற தச்சன், காது சரியாகக் கேட்காத ஒரு யூதப் பாட்டியின் பொத்தான் கடைக்கு அரசு நியமித்த 'ஆரிய', அதாவது யூதரல்லாத, மேலாளராக வருகிறான். கடையில் வருமானமே கிடையாது. இவனை விட மோசமானவன் வந்துவிடக் கூடாது என்று ஊர் யூதர்களே சேர்ந்து இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பாட்டி இவனை வேலைக்கு வந்த பையன் என்று நினைத்துக்கொள்கிறாள். முதல் பாதியில் சிரித்துக்கொண்டே இருப்பீர்கள். யூதர்களை ஏற்றிச்செல்லும் நாள் வரும்போது இந்த நல்லவன், கோழை, குடிகாரன், அவளைக் காப்பாற்றுவதா, தானே பிடித்துக் கொடுப்பதா என்று கடைக்குள்ளேயே தவிக்கிறான். முடிவை நான் சொல்லமாட்டேன். நாமெல்லாம் ஷிண்ட்லர் இல்லை, அதிகம் போனால் டோனோ என்று எனக்குத் தோன்றும்.

லூயி மால் 1987இல் எடுத்த ஓ ருவார் லெ சாம்ஃபாவும் அந்த வகைதான். பிரான்ஸில் ஒரு பள்ளியில் யூதச் சிறுவர்களைப் பெயர் மாற்றி ஒளித்துவைத்த பாதிரியார் கதையின் ஓரத்தில்தான் நிற்கிறார், நாம் பார்ப்பது கூடப் படித்த பையனின் கண் வழியாக. அந்தப் பையன் மாலேதான். 1944 ஜனவரியில் மூன்று மாணவர்களையும் பாதிரியாரையும் இழுத்துப்போனதை அவர் 11 வயதில் நேரில் பார்த்தவர்.

அண்மையில் வந்ததில் 2023இன் ஒன் லைஃப், நிக்கோலஸ் விண்டனின் கதை. பிராகிலிருந்து 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, லண்டனுக்குக் கொண்டுவந்தவர். தான் காப்பாற்றிய குழந்தைகள்தான் வளர்ந்து பெரியவர்களாகத் தன்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விண்டன் அறிகிற அந்தத் தொலைக்காட்சிக் காட்சியைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். எனக்குப் பிடித்தது வேறு. இந்தப் படத்தில் வீரம் என்பது காகித வேலை. ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுண்டு உத்தரவாதம், வளர்க்க ஒரு குடும்பம், உள்துறை அலுவலகத்தின் அனுமதி, புகைப்படம், மருத்துவச் சான்று. விண்டனின் அம்மா அலுவலகங்களில் போய் உட்கார்ந்து நச்சரிக்கிறார். பிராகிலேயே தங்கி நாஜிகளின் கண் முன்னால் வேலை செய்த டோரீன் வாரினருக்கும் ட்ரெவர் சாட்விக்குக்கும் இடம் இருக்கிறது, ஆனால் போதாது, விண்டனே தன்னை விட அவர்கள்தான் பெரியவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 1939 செப்டம்பர் 1 அன்று கிளம்ப வேண்டிய ஒன்பதாவது ரயிலில் சுமார் 250 குழந்தைகள். அன்றைக்குத்தான் போர் தொடங்கியது, ரயில் கிளம்பவில்லை.

இன்னொன்று, இந்தப் படங்களை எந்த நாடு எப்போது எடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காப்பாற்றியவர்கள் என்று யாத் வாஷெம் ஏற்றுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க 28,000 பேருக்கு மேல், அதில் 7,000 பேருக்கு மேல் போலந்துக்காரர்கள், மற்ற எந்த நாட்டையும் விட அதிகம். போலந்து பெருமைப்படலாம். ஆனால் யூதர்களைக் காட்டிக்கொடுத்துப் பிழைத்தவர்களும் அதே தெருக்களில்தான் இருந்தார்கள், 2018இல் அதைப் பேசுவதையே குற்றமாக்கும் வகையில் ஒரு சட்டத்திருத்தம் வந்து, உலகமே கத்திய பிறகு தண்டனைப் பிரிவை எடுத்தார்கள். ஊருக்கு ஒரு நல்லவரைக் காட்டி ஊரையே வெள்ளையடிக்கும் வேலைக்குச் சினிமா ரொம்ப வசதி. டென்மார்க்கை எல்லாரும் கொண்டாடுகிறோம், 1943 அக்டோபரில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகில் ஸ்வீடனுக்குக் கடத்திய நாடு, கொண்டாட வேண்டியதுதான். பல மீனவர்கள் அதற்கு நல்ல கட்டணம் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னால் என்ன கெட்டுவிடும்?

கடைசியாக, எனக்கு ஆசையாக இருக்கும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வார்சாவில் க்ரூயெட்ஸ்கா தெரு, 81ஆம் எண், ஒரு தோட்டம். மியெச்சிஸ்வாவ் வோல்ஸ்கி என்ற தோட்டக்காரர் கண்ணாடிப் பசுமைக்குடிலுக்கு அடியில் பதுங்குகுழி தோண்டி, சுமார் 40 யூதர்களை ஒளித்துவைத்திருந்தார். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வார்சா கெட்டோவின் ரகசிய ஆவணக் காப்பகத்தை நடத்திய இமானுவேல் ரிங்கெல்ப்ளூம், கூடவே மனைவி, மகன். அந்தக் குழிக்குள் உட்கார்ந்துதான் போலந்துக்காரர்களும் யூதர்களும் போர்க்காலத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒரு நூலே எழுதினார், உதவியவர்களையும் எழுதினார், உதவாதவர்களையும் எழுதினார். 1944 மார்ச்சில் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களோடு தோட்டக்காரரையும் கொன்றார்கள். இத்தனை பேருக்குச் சாப்பாடு வாங்கினால் சந்தேகம் வருமே, அதற்கு வோல்ஸ்கி குடும்பத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மளிகைக் கடையே திறந்துவிட்டார்கள். மூட்டை மூட்டையாக வாங்கினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் பார்த்த படம் எதிலும் இந்தக் கடை இல்லை. யாராவது அந்தக் கடையின் கல்லாவில் கேமராவை வைத்துப் படத்தைத் தொடங்கினால் முதல் வரிசை டிக்கெட் எனக்கு.

மணி ஆகிவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள், ஷிண்ட்லர் ரசிகர்கள் முதலில்.