ஜேசிபி வருவதற்கு முன் குழாய் மட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாடி வீடு கட்டுபவர்களுக்கு

[திரையில்: சரிவான காலி மனை. ஓர் ஓரத்தில் பாறை தலை நீட்டுகிறது. ஜேசிபி உள்ளே வருகிறது.]

வணக்கம். நம்ம ஊர்ப் பக்கம் வீட்டு வேலை தொடங்கும் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் பூஜை, கொஞ்ச நேரத்தில் ஜேசிபி. மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார். பில்லர் குழி தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். பிளம்பர் வரவில்லையா என்று கேட்டால், "அவர் எதுக்குங்க இப்போ? சுவர் எழும்பட்டும், சொல்லி அனுப்பலாம்" என்று பதில் வரும்.

இந்த வழக்கத்தை மாற்றச் சொல்லித்தான் இந்த வீடியோ. மண்ணைத் தொடுவதற்கு முன்பே, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்த மட்டத்தில் வெளியே போகப் போகிறது என்று முடிவாகியிருக்க வேண்டும். பேஸ்மட்டம் எத்தனை அடி, எத்தனை லோடு மண், செப்டிக் டேங்க் எவ்வளவு ஆழம் எல்லாம் அந்த ஒரு மட்டத்தை வைத்துத்தான் அமையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

[திரையில்: 30-க்கு 40 மனையின் பக்கவாட்டு வெட்டுத் தோற்றம். பின்பக்கம் கழிப்பறை, முன்பக்கம் தெரு.]

கழிப்பறையிலிருந்து வரும் 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு வேண்டும். அதாவது 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். கழிப்பறை பின்பக்கம், கடைசி சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்கும் சிறு தொட்டி) முன்பக்கம், இடையில் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். 12 அங்குலம் இறங்கியாகிவிட்டது. கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் குழாய் தொடங்கும் இடமே வீட்டுத் தரைக்குச் சுமார் 1 அடி கீழே. ஆக, தெருப் பக்கம் வந்து சேரும்போது குழாய் வீட்டுத் தரையிலிருந்து 2 அடி கீழே இருக்கும்.

இப்போது பேஸ்மட்டத்தைப் பாருங்கள். தெருவிலிருந்து 1½ அடிதான் ஏற்றுகிறீர்கள் என்றால், குழாய் தெரு மட்டத்துக்கு 6 அங்குலம் கீழே வந்து நிற்கும். செப்டிக் டேங்கின் வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட இன்னும் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தெருச் சாக்கடை ஆழம் இல்லாததாக இருந்தால் தண்ணீர் போக வழியில்லை. மழை பெய்யும் நாளில் வெளியிலிருந்து உள்ளே ஏறும். அதே பேஸ்மட்டம் 2½ அடி என்றால், குழாய் தெருவுக்கு 6 அங்குலம் மேலே வரும், முன்னதைவிட உங்கள் கையில் 1 அடி கூடுதல் இருப்பு இருக்கும். தார் ரோடு புதிதாகப் போடும்போது பழைய ரோட்டின் மேலேயே போட்டு உயரும் தெருக்களை நாம் பார்க்கிறோம். அதற்கும் இந்த இருப்பு உதவும்.

சரி, இந்த அளவை எங்கிருந்து எடுப்பது? வேலை முடியும்வரை அசையாத ஓர் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர், காம்பவுண்ட் மூலை, உடைக்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பாறை, எதுவானாலும் சரி. மேஸ்திரியும் பிளம்பரும் ஜேசிபி ஓட்டுபவரும் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை அந்தக் கோட்டிலிருந்துதான் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஓர் இடத்திலிருந்து அளந்தால் கடைசியில் குழாய்தான் வளையும்.

[திரையில்: மேலே செம்மண், அதன் கீழே கிராவல், அடியில் பாறை.]

அடுத்தது மண். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் அடியில் கடினப் பாறைதான். மேலே செம்மண், அதற்குக் கீழே பாதி உதிர்ந்த பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. ஒரே மனையில் ஒரு மூலையில் 2 அடியில் பாறை இருக்கும், எதிர் மூலையில் 7 அடி போனாலும் மண்ணாகவே இருக்கும். இப்படி இருந்தால் எல்லா பில்லருக்கும் ஒரே ஆழம் என்று முடிவு செய்யாதீர்கள். பாறை மேல் உட்காரும் பில்லர் அசையாது, மண் மேல் உட்காருவது கொஞ்சம் இறங்கும். மாடி ஏறிய பிறகு விரிசல் விழுவது இந்த வித்தியாசத்தால்தான். குழிகளைத் திறந்த பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன்பு, இன்ஜினியரைக் கூப்பிட்டு ஒவ்வொரு குழியையும் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை மனையாக்கிய இடங்கள் நிறைய. அங்கே வீடு கட்டுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மரத்தை வேரோடு பிடுங்கிய குழிகளை எப்படி மூடினார்கள்? பழைய பாசனக் கிணறு ஏதாவது தூர்க்கப்பட்டிருக்கிறதா? மனை வரைபடத்தில் கிணறு தெரியாது. அந்த ஊரில் மாடு மேய்த்த பெரியவர் ஒருவரைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். தூர்த்த கிணற்றின் மேல் பில்லரும் வரக்கூடாது, செப்டிக் டேங்கும் வரக்கூடாது.

பாறையை உடைக்க வேண்டி வந்தால், பில்லர் குழிக்காக பிரேக்கர் (பாறை உடைக்கும் இயந்திரம்) வந்திருக்கும் அதே நாளில் குழாய் போகும் வாய்க்காலையும் செப்டிக் டேங்க் குழியையும் சேர்த்து உடைத்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு பிரேக்கர் உள்ளே நுழையாது. கம்ப்ரசர் வைத்துக் கையால் துளை போட்டு உடைக்க வேண்டியிருக்கும். செலவும் ஏறும், புதுச் சுவரும் அதிரும். மேலாக இருக்கும் அரை அடிச் செம்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். வீட்டுக்கு அடியில் போட அது உதவாது, வேரும் சருகும் கலந்திருக்கும். செடி வைக்க அதைவிட நல்ல மண் கிடைக்காது.

மண் நிரப்பும் வேலையில்தான் அவசரம் அதிகம். 1000 சதுர அடிப் பரப்பில் 2½ அடி உயரம் நிரப்ப 2500 கன அடி, அதாவது 25 யூனிட். இது இறுகிய பிறகு உள்ள அளவு. டிப்பரில் வருவது பொலபொலவென்ற மண், திமிசு போட்டால் அமுங்கும். சுமார் 30 யூனிட் எதிர்பார்த்து வையுங்கள். ஒவ்வொரு அடுக்கும் 6 முதல் 8 அங்குலம். தண்ணீர் தெளித்து, இடித்து, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு மேலே தண்ணீரைத் தேக்கி விட்டால் போதும் என்று சொல்வார்கள். போதாது. அடியில் இருக்கும் மண் அப்படியே தளர்ந்து கிடக்கும். இரண்டு மழைக்காலம் கழித்து தரை இறங்கும்போது அதோடு சேர்ந்து குழாயும் இறங்கும். சரிவு தலைகீழாகும். டைல்ஸில் விரிசல் தெரியும், உடைந்த குழாய் தெரியாது.

[திரையில்: பிளிந்த் பீம் கம்பிகளுக்கு நடுவே 6 அங்குலக் குழாய்த் துண்டு வைத்துக் கட்டப்படுகிறது.]

பேஸ்மட்டத்தில் பில்லர்களை இணைக்கும் பிளிந்த் பீமுக்குக் கம்பி கட்டும்போதே, குழாய் வெளியேறும் இடத்தில் 6 அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துவிடுங்கள். பின்னாளில் 4 அங்குலக் குழாய் அதன் வழியாக நுழையும். கட்டடம் கொஞ்சம் இறங்கினாலும் குழாய் நசுங்காது. எந்த இடத்தில் வைப்பது என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். பீமை வார்த்த பிறகு டிரில் போட்டு உடைத்து, கம்பியை அறுத்துக் குழாய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாடியைத் தாங்கும் பீம் அது. யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

இனி செப்டிக் டேங்க். இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம்ம பக்கம் பலர் செப்டிக் டேங்க் என்று சொல்வது, சிமென்ட் உறை நாலைந்து இறக்கி, அடியைத் திறந்தபடி விட்ட ஒரு குழி. கடினப் பாறை நிலத்தில் இது இரண்டு விதத்தில் கெடுதல். பாறையில் வெடிப்பு இல்லை என்றால் தண்ணீர் இறங்காது, குழி சீக்கிரமே நிரம்பும். வெடிப்பு இருந்தால் கழிவுநீர் வடிகட்டப்படாமல் அந்த வெடிப்பு வழியாகவே ஓடும். உங்கள் போர்வெல்லுக்குத் தண்ணீர் வருவதும் அதே மாதிரி வெடிப்புகள் வழியாகத்தான். போர் 1000 அடி என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கேசிங் பைப் மேலே உள்ள மண் அடுக்குக்கு மட்டும்தான் இறக்கியிருப்பார்கள்.

எனவே அடியும் சுவரும் சிமென்ட் பூசி மூடிய, இரண்டு அறை கொண்ட தொட்டிதான் வேண்டும். 5 பேர் இருக்கும் வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு, 1.5 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் சுமார் 1 மீட்டர். மாடியில் இன்னொரு குடும்பம் வாடகைக்கு வரப் போகிறது என்றால் அந்த ஆட்களையும் கணக்கில் சேருங்கள். இப்படிப் பெரிதாகும் தொட்டிக்குப் பாறை குறுக்கிட்டால் ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம். ஆனால் தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை உறிஞ்சு குழிக்கு விட்டால், குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கிட்டத்தட்ட 60 அடி. 30-க்கு 40 மனைக்குள் அந்தத் தூரம் கிடைக்காது. போர் போட இடம் குறிக்கும்போதே இதை யோசித்து, ஒன்று ஒரு மூலை என்றால் மற்றது எதிர் மூலை என்று வையுங்கள். பக்கத்து வீட்டுப் போரும் இந்தக் கணக்கில் வரும். இடம் போதவில்லை என்றால் பொதுச் சாக்கடை இணைப்பு கிடைக்குமா என்று நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தொட்டியை முன்பக்கம் வையுங்கள். வாஸ்து பார்த்துப் பின்பக்க மூலையில் தள்ளிவிட்டு, மேலே மாடிப்படியும் கட்டிவிட்டால், கழிவு அள்ளும் லாரியின் குழாய் அங்கே எட்டாது. லாரி வர முடியாத இடத்தில்தான் மனிதனை இறக்குகிறார்கள். மூடிய தொட்டிக்குள் தேங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் திரும்ப வரமாட்டார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப் பயன்படுத்துவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூடி, திறக்கும்படி வெளியே தெரிய வேண்டும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள்.

[திரையில்: கீழ் பாத்ரூம், அதன் மேலேயே மாடி பாத்ரூம். இரண்டையும் ஒட்டி ஒரு டக்ட்.]

மாடிக்கு வருவோம். மேல் பாத்ரூம் கீழ் பாத்ரூமின் நேர் மேலே இருக்கட்டும். கழிவுக் குழாய் நேராக இறங்கும், சமையலறைக்கு மேலேயோ பூஜை அறைக்கு மேலேயோ போக வேண்டியதில்லை. மேல் பாத்ரூம் தளத்தை ஓர் அடி பள்ளமாக வார்த்து, குழாயை உள்ளே போட்டு, செங்கல் கட்டி நிரப்பி மூடுவது இங்கே வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு மூட்டு கசிந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கீழே சீலிங்கில் ஈரம் தெரியும்போது மொத்தத் தரையையும் உடைக்க வேண்டும். கீழேயும் பாத்ரூம்தானே? தளத்தைச் சமமாக வார்த்துக் குழாயைக் கீழே தொங்கவிடுங்கள். 10 அடி உயரத்தில் 8 அடியில் ஒரு ஃபால்ஸ் சீலிங், அதில் ஒரு திறப்பு. ஏணி போட்டு ஏறி அரை மணி நேரத்தில் பழுது பார்த்துவிடலாம்.

குழாய்கள் இறங்கும் டக்ட்டுக்கு ஆள் நுழையும் அகலம் வேண்டும், 2½ அடியாவது. தரைத்தளத்தில் ஒரு கதவும் வேண்டும். செங்குத்துக் குழாய் கீழே திரும்பும் இடத்தில்தான் அடைப்பு அதிகம் வரும். அங்கே ஒரே வெட்டில் திரும்பாமல் இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டு, அடைப்பு எடுக்க டோர் வைத்த ஃபிட்டிங்கும் போடுங்கள். காற்றுக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே கொண்டு போங்கள். மழைநீர்க் குழாய் தனி. அது செப்டிக் டேங்கில் சேரவே கூடாது. மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குப் போகட்டும்.

நல்ல தண்ணீர்க் குழாயில் நம்ம மாவட்டங்களுக்கென்று ஒரு தனித் தேவை இருக்கிறது. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு மூட்டிலும் முதுகிலும் வலி. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காக வந்ததுதான். எனவே இரண்டு லைன் போடுங்கள். ஒகேனக்கல் தண்ணீருக்கு ஒரு சம்ப், ஒரு சிறிய மேல்தொட்டி, கீழும் மேலும் சமையலறைக்கு மட்டும் ஒரு குழாய். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். சம்ப்பைச் செப்டிக் டேங்க் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

போர் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் வால்வில் உப்புப் படிந்து இறுகும். தொட்டிக்குக் கீழே, ஒவ்வொரு பாத்ரூம் வாசலில், கை போகும் இடத்தில் வால்வும், கழற்ற வசதியாக யூனியனும் வையுங்கள். மாடி ஷவரில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்று குறை சொல்பவர்கள் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.43 பிஎஸ்ஐ. மொட்டை மாடித் தரையிலேயே தொட்டியை வைத்தால் மாடி ஷவருக்கு மூன்றரை, நாலு அடி உயரம்தான் கிடைக்கும். மாடிப்படிக் கூரைக்கு மேலே ஏற்றினால் இன்னும் 8 அடி கூடும். அந்தக் கூரையைத் தொட்டியின் எடையோடு சேர்த்து வடிவமைக்க வேண்டும். 1000 லிட்டர் என்றால் 1000 கிலோ.

[திரையில்: வாய்க்காலில் மணல் மெத்தை மேல் குழாய், பக்கத்தில் விரித்து வைத்த டேப்.]

வாய்க்காலை மூடும்போது, குழாய்க்கு அடியில் 4 அங்குலம் மணல், மேலேயும் மணல். பிரேக்கர் உடைத்த பாறைத் துண்டுகளை அதன் மேல் தள்ளக் கூடாது. மூடுவதற்கு முன் கடைசி சேம்பரில் குழாயை அடைத்து, மேலே வரை தண்ணீர் நிரப்பி, மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் டேப்பை விரித்து, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி ஒவ்வொரு வளைவையும் போட்டோ எடுங்கள். செல்போன் மாறினால் படங்கள் தொலையும், அதனால் பிரிண்ட் போட்டு வீட்டுப் பிளானோடு வையுங்கள். பிளம்பரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.