தரையைக் கூட்டும் முதலாளியின் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு வட்டாரத்தின் வேலைவாய்ப்பைத் தாங்கி நிற்பவை பெருநிறுவனங்களா, குறுந்தொழில்களா என்ற கேள்விக்கு, குறுந்தொழில்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேலியை வீசி, உங்கள் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். "குறுந்தொழிலில் முதலாளியும் அவரே, மேலாளரும் அவரே, தரையைக் கூட்டுபவரும் அவரே, இதில் வேலைவாய்ப்பு எங்கே இருக்கிறது?" என்றார். உண்மைதான் ஐயா! அந்த மேலாளர் முதலாளியிடம் விடுப்புக் கேட்க வேண்டுமானால் கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும். நின்றாலும் விடுப்புக் கிடைக்காது. மாற்றாள் இல்லை என்பது கேட்பவருக்கே தெரியும். கூட்டுபவர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தாலோ, பேச்சுவார்த்தைக்கு வரும் மேலாளரும் அதே துடைப்பத்தோடுதான் வருவார். உடன்பாட்டில் கையெழுத்து மூன்று, பேனா ஒன்று!

சிரித்து முடித்தீர்களா? இனி அந்தக் குறுந்தொழில் முதலாளியால் தனியாகச் செய்ய முடியாத வேலைகளை எண்ணுங்கள். பெருநிறுவனத்தின் கணக்குப் பிரிவும் கொள்முதல் பிரிவும் எங்கோ தொலைவிலுள்ள தலைமையகத்தில் இருக்கக்கூடும். இவருக்கோ அப்படிப் பிரிவுகளே இல்லாததால், கணக்கெழுதவும் சரக்கேற்றவும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் அக்கம்பக்கத்தில் இருக்கும் இன்னொரு குறுந்தொழில்காரரைத்தான் தேடிப் போகிறார். என் நண்பர் தேடிய வேலைவாய்ப்பு அந்தப் பட்டறைக்கு வெளியே, அதே வட்டாரத்தில் பரவிக் கிடக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் 99 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து, பணியாற்றுவோரில் பத்தில் ஏழு பேர் சுயதொழிலிலோ 50 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களிலோ இருப்பதாகச் சொன்னது.

புதிய வேலைகளைத் தருவது நிறுவனத்தின் சிறிய அளவு அன்று, அதன் இளமையே என்று ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா ஆகிய பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளிலிருந்து 2013இல் காட்டியதையும் எதிரணியினர் எடுத்துவைத்தார்கள். நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இளம் நிறுவனங்களில் பெரும்பாலானவை பிறக்கும்போது ஒரு சிலரோடு, குறுந்தொழில்களாகவே பிறக்கின்றன என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டார்கள். மணி அடிக்கப் போகிறது, ஆகவே கடைசியாக ஒன்று.

பட்டறைக்கு வேலை வராத ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள். தொலைவிலுள்ள தலைமையகத்தில் இருப்பவருக்கு ஆள்குறைப்பு என்பது ஒரு பட்டியல். எதிரே நின்று வேலை செய்பவரின் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று அறிந்த குறுந்தொழில் முதலாளிக்கோ வேலைநீக்கக் கடிதத்தை எழுதக் கை வருவதில்லை. ஊதியக் கணக்கில் அவர் முதலில் அடிப்பது தம் பெயரைத்தான். இது பொருளியல் அன்று, கண்ணீர் என்று எதிரணியினர் சொல்வார்கள், சொல்லட்டும். அவர் வாங்காமல் விட்ட அந்த ஊதியத்தையும் கணக்கில் சேர்த்துத் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.